சுழலாத வளையம்

ஜூலை 3, வியாழன்

சென்னை லென்ஸ் கம்பெனியிலிருந்து பெட்டி வந்துவிட்டது. நுண்ணோக்கிக்கு மூன்று ஆப்ஜெக்டிவ், அதாவது பொருளைப் பெரிதாக்கும் லென்ஸ், கீழிருந்து வெளிச்சத்தைக் குவிக்க இரண்டு கண்டென்சர். எல்லாம் இரவல். புடவைக்காரர் மூட்டையை விரித்துப் போட்டுவிட்டுப் போவது மாதிரிதான். ஆகஸ்ட் நடுவுக்குள் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பிரின்சிபால் சிஸ்டர் ரெமிஜியா பெட்டியின் மேல் சிலுவை போட்டுவிட்டு, "செலஸ்டீனா மிஸ், நீங்க எத எடுத்தாலும் நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுவேன்" என்றார். "கண்ணத் திறந்துக்கிட்டே போடுங்க சிஸ்டர், கல்லூரி வெள்ளிவிழாக் கண்காட்சி" என்றேன்.

கண்காட்சிக்குக் கடலின் மிதவை உயிரிகளைப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. கறுப்புப் பின்னணியில் அவை நட்சத்திரம் போல ஒளிர வேண்டும். சாதாரண நுண்ணோக்கியில் வெளிச்சம் கீழிருந்து நேராகக் கண்ணுக்கு வந்துவிடும். கண்ணாடி மாதிரி இருக்கிற கடல் பூச்சி அந்த வெள்ளையில் கரைந்தே போகும். இருட்புலம் என்கிற முறையில் நடு வெளிச்சத்தை மறித்துவிடுகிறோம். ஓரத்து வெளிச்சம் மட்டும் சாய்வாக வந்து பூச்சியின் மேல் பட்டுச் சிதறும். சிதறியது மட்டும் லென்சுக்குள் வரும். ஓட்டுக் கூரைப் பொத்தல் வழியாக வெயில் விழும்போது தூசி மின்னுமே, அதுதான்.

விதி ஒன்றே ஒன்று. கண்டென்சரில் பொறித்திருக்கிற எண், வெளிச்சம் எவ்வளவு அகலமாக விரியும் என்கிற அளவு, ஆப்ஜெக்டிவில் பொறித்திருக்கிற எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேர் வெளிச்சம் உள்ளே புகுந்து இருட்டு சாம்பலாகிவிடும். "மாமியார் குரலுக்கு மேல மருமக குரல் எழும்பக் கூடாது, எழும்புனா வீடு வெளுத்துரும்" என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் பரீட்சையில் சரியாக எழுதுவார்கள்.

ஜூலை 5, சனி

இன்று எண்ணெய் வேண்டாத கண்டென்சர். ஆய்வுக்கூடத்து ஜன்னல்களுக்கு நாடகக் குழுவின் கறுப்புத் திரையை வாங்கிக் கட்டினேன். பழைய துறைமுகத்து ஓரம் வலை இழுத்துக் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சொட்டு. சிலைடை மூன்று தடவை துடைத்தும் தூசி மின்னியது. இருட்புலம் பொல்லாத நாத்தனார். ஒரு கைரேகையைக்கூட மறைக்கவிடாது.

பிறகு ஒரு கோப்பிபாட் வந்தது, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான பொடிப் பூச்சி. அரிசியில் பாதி இருக்காது, ஆனால் கப்பல் போல வந்தது. மீசை இரண்டும் வெள்ளிக் கம்பி. வயிற்றுக்குள் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்த் துளி. பின்னால் டயட்டம் என்கிற கண்ணாடி ஓட்டுப் பாசிகளின் சங்கிலிகள் நீளமாக, யாரோ கழற்றி எறிந்த கொலுசு மாதிரி சுழன்று சுழன்று போயின. எனக்கு ஐம்பத்தொரு வயது, முப்பது வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன், ஆனாலும் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

குனிந்த தலை நிமிர்ந்தபோது புருவத்துக்கு மேல் ஒரு பாரம். மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன், அதுதான்.

ஜூலை 9, புதன்

நாற்பது மடங்கு ஆப்ஜெக்டிவ் சரியில்லை. முதல் அரை மணி நன்றாக இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஒளிப்புள்ளியையும் சுற்றி ஒரு வானவில் வளையம். உள்ளே நீலம், வெளியே சிவப்பு. மலிவு லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் சேர்க்காது. ஒரு நிறம் முன்னால் நிற்கும், ஒரு நிறம் பின்னால் நிற்கும். சென்னைக்குப் போன் போட்டு உயர்ந்த ரகம், அபோக்ரோமேட், அனுப்பச் சொன்னேன். "மேடம், நாங்க குடுத்தது நல்ல லென்ஸ்தான்" என்றான். "நல்லதுன்னு நீங்க சொன்னாப் போதுமா, எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வளையம் அழகாகத்தான் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

தலைவலி. மாசிக்கருவாட்டுச் சம்பல் அரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

அபோக்ரோமேட் வந்தது. நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில், பஞ்சு மெத்தையில் படுத்திருந்தது. சாயங்காலம் திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். படிகம் போல் தெளிவு. கோப்பிபாடின் கால் முடிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆகா என்றேன். அரை மணி போனது. வளையம் வந்துவிட்டது.

என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்த கஸ்பாரைப் பிடித்து உட்கார வைத்தேன். கஸ்பார் என் வீட்டுக்காரர், உப்புக் கம்பெனி ஆபீசில் இருக்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக என் நுண்ணோக்கியில் ஒரு தடவையும் குனிந்ததில்லை.

"வளையம் தெரியுதா?"

"ஒரு எறா குஞ்சு நீந்துது."

"அது எறா இல்ல. அதச் சுத்தி வளையம்?"

"வளையமும் இல்ல, காப்பும் இல்ல. நல்லாக் கறுப்பா இருக்கு. ஏட்டி, இது கறிக்கு ஆகுமா?"

இவரிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும். கேமராவைப் பொருத்திப் படம் எடுத்தேன். படத்திலும் வளையம் இல்லை. இந்தக் காலத்துக் கேமரா தானாகவே எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்கிக் கொடுக்கிறது. உள்ளதை உள்ளபடி காட்டத் தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நூறு மடங்கு ஆப்ஜெக்டிவையும் எண்ணெய்க் கண்டென்சரையும் எடுத்தேன். கண்டென்சரின் தலையில் ஒரு சொட்டு எண்ணெய், அதன் மேல் சிலைடு. நடுவில் ஒரு குமிழி நின்றாலும் வெளிச்சம் வராது. இரண்டு தடவை குமிழி, மூன்றாம் தடவை சரியானது. புலம் சாம்பலாக இருந்தது. ஆப்ஜெக்டிவுக்குள் ஒரு கண்மணித் திரை உண்டு. ஆப்ஜெக்டிவின் கழுத்துப் பிடியைத் திருகினால் உள்ளே ஓட்டை சுருங்கும், எண் குறையும். திருகினேன். மெல்ல மெல்லச் சாம்பல் வடிந்து கறுப்பானது. மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இராத்திரிக் கடலை மின்ன வைக்கிற நாக்டிலூக்கா ஒன்று உருண்டையாக நிலா மாதிரி நின்றது.

சற்று நேரத்தில் நிலாவுக்கும் பரிவேடம் போட்டது. நீலம், பச்சை, சிவப்பு.

சரி, குற்றவாளியைப் பிடித்துவிடுவோம் என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலையைச் செய்தேன். புலத்தில் அழுக்கு தெரிந்தால் ஒவ்வொரு உறுப்பாகச் சுழற்ற வேண்டும். கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸைச் சுழற்றும்போது அழுக்கும் சுழன்றால் அழுக்கு ஐபீஸில். சிலைடை நகர்த்தும்போது நகர்ந்தால் சிலைடில். கண்டென்சரைத் திருப்பினால் திரும்புகிறதா, அங்கே. எது சுழல்கிறதோ அதுதான் திருடன். வளையத்தில் சிவப்பு ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருந்தது, அடையாளத்துக்கு நல்லது. ஐபீஸைச் சுழற்றினேன். ஆப்ஜெக்டிவை அரைத் திருகு திருகினேன். கண்டென்சர், சிலைடு, விளக்கு.

எதற்கும் வளையம் சுழலவில்லை. எதையோ விட்டுவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கஸ்பார், "சோடாபுட்டிக் கண்ணாடிய மாத்து, கண்ணு டாக்டர ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்" என்றார். திருவிழா முடியட்டும் என்றேன்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். கச்சான் காற்று மணலை அள்ளி வீசியது. காலையில் கொடி ஏறும்போது ஊரே கோயில் முன்னால். பால் குடத்தோடு ஒரு வரிசை, புறா பறக்கவிட ஒரு வரிசை. எனக்குத் தலை விண்ணென்று இருந்தது, வீட்டுக்கு வந்து கிடந்தேன். சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அங்கிருந்து நேரே மறையுரைக்குப் போனேன்.

கோயிலுக்குள் பெரிய விளக்குகளை அணைத்திருந்தார்கள். பீடத்தில் மாதாவின் மணிமுடியைச் சுற்றியிருக்கிற சின்ன விளக்குகள் மட்டும் எரிந்தன. நான் தூணோரம் உட்கார்ந்து நிமிர்ந்தேன்.

மாதாவைச் சுற்றி வளையம் இருந்தது.

உள்ளே நீலம், அவளுடைய மேலாடை நீலம். அப்புறம் பச்சை, மஞ்சள், ஓரத்தில் ரோஜாச் சிவப்பு. அவள் மூச்சு விடுகிற மாதிரி அது விரிந்து சுருங்கியது. சாமியார் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற குரல் மாதிரி. எனக்கு அழுகை வந்தது. நான் பக்தியில் கரைகிற ஆள் இல்லை. செபமாலை சொல்லும்போதே மனசுக்குள் விடைத்தாள் திருத்துகிறவள். என்னைப் போய் ஏன் என்று நினைத்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கஸ்பாரிடம் சொல்லிவிட்டேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். "மாதாவே" என்றார்.

ஜூலை 28, திங்கள்

இந்த மனுஷன் வாயில் ஒரு பருக்கை நிற்காது! அடுத்த வீட்டு ஞானப்பூ மதினி காலையிலேயே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னாலேயே மாதா சபைப் பெண்கள் நாலைந்து பேர்.

"மதினி, ஒங்களுக்குக் காட்சி குடுத்துருக்காளாமே."

"காட்சியெல்லாம் இல்ல, வெளிச்சம் கொஞ்சம்..."

"எம் மவன் சிங்கப்பூர்ல வேல இல்லாம கெடக்கான். ஒரு வார்த்த அவாகிட்டச் சொல்லுங்க மதினி."

நான் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறவள், என்னத்தைச் சொல்ல? தலையை ஆட்டினேன். மதினி முகத்தைப் பார்த்த பிறகு ஆட்டாமல் இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். பால் திரிந்துவிட்டது, மறுபடி வாங்கிவரச் சொன்னேன்.

ஜூலை 30, புதன்

கல்லூரியிலிருந்து வர இருட்டிவிட்டது. ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றது. எதிரே டாஸ்மாக். அதன் குழல்விளக்கைச் சுற்றி வளையம். உள்ளே நீலம், ஓரத்தில் ரோஜாச் சிவப்பு. அதே அளவு, அதே நிறம். சிவப்பு அதே பக்கம் தடித்திருந்தது. கீழே ஒரு ஆள் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஒளிவட்டத்துக்குள் புனிதர் மாதிரி நின்றான்.

கஸ்பாரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இப்போது அதன் வழி பழகிவிட்டது. திரையைப் போட்டு, குனிந்து, பொறுமையாக இருந்தால் வருகிறது. கண்டென்சர் சூடாக நேரம் பிடிக்கிறதுபோல. வெயிலுக்கு வந்து கொஞ்சம் நடந்தாலோ தூங்கி எழுந்தாலோ போய்விடுகிறது. கண்டென்சரை மேசையில் விட்டுவிட்டு நான் வெயிலுக்கு வந்தால் அது ஏன் போக வேண்டும் என்று யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை.

இன்று எந்த லென்ஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. கையில் அகப்பட்டதை மாட்டினேன். டயட்டம் சங்கிலிகள் ஒவ்வொன்றும் தன் வளையத்தைச் சுமந்துகொண்டு இருட்டில் மிதந்து போயின. வளையத்தோடு வளையம் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்தது. கடலே தன் கல்யாணத்துக்கு விளக்குப் போட்டிருந்த மாதிரி இருந்தது. புருவம் இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் போனால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? ஏதாவது ஒரு சொட்டு மருந்து கொடுப்பார், எல்லாம் போய்விடும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சிஸ்டர் ரெமிஜியா கூப்பிட்டார். "மிஸ், முடிவு பண்ணீட்டீங்களா? கம்பெனிக்காரர் கேக்கார்." இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றேன். "எல்லாத்தையும் பாத்துட்டீங்க, இன்னும் எதப் பாக்கணும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களப் பத்திக் கேள்விப்பட்டேன். நாளைக்குப் பெருவிழால எனக்காகவும் வேண்டிக்கோங்க" என்றார். கடவுளே, இவருமா?

ஆகஸ்ட் 6, புதன்

இது கஸ்பார் எழுதுகிறேன். இடம் திருநெல்வேலி, கண் ஆஸ்பத்திரி. செலஸ்டீனா இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருக்கிறாள். இல்லை, ஒரு கண்ணில்தான் கட்டு. இன்னொன்றில் சொட்டு மருந்து. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திட்டுவாள்.

நேற்றுச் சாயங்காலம் சப்பரம் வரும்போது கூட்டத்தில் நின்றோம். மாதா வீதி திரும்புகிற இடத்தில் இவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே முட்டுப்போட்டுவிட்டாள். உடம்பு நடுங்கியது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஞானப்பூ மதினி, "மாதா இறங்கீட்டா!" என்று சத்தம் போட்டாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் முட்டுப்போட்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நானும் முட்டுப்போட்டேன். (இதை எழுத வேண்டாம் என்று செலஸ்டீனா சொல்கிறாள். நான் எழுதுவேன்.) வலியில் துடித்தவள் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு மூன்று அருள் நிறைந்த மரியே சொன்னேன். நாலாவதில் அவள், "ஏ மடச்சாம்பிராணிகளா, கண்ணு போகுதுங்கேன்!" என்று கத்திவிட்டு என் சட்டையில் வாந்தி எடுத்தாள். அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. கார் பிடித்து நேரே இங்கே வந்தோம். இடது கண் கோவைப்பழம். என் முகம்கூடத் தெரியவில்லை, புகையாகத் தெரிகிறது என்றாள்.

டாக்டர் சண்முகவடிவு என்று ஒரு அம்மா. நல்ல மாதிரி. இராத்திரியே ஊசி வழியாக மருந்து ஏற்றிக் கண்ணுக்குள் ஏறியிருந்த அழுத்தத்தை இறக்கினார்கள். கண்ணுக்குள்ளே ஒரு தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்குமாம், ஓரத்தில் அதற்கு வடிகால் உண்டாம். இவளுக்குப் பிறவியிலேயே கண் சின்னது, வடிகால் ஒடுக்கம். இருட்டில் கண்பாப்பா விரிந்தால் கருவிழித்திரை மடிந்துபோய் வடிகாலை அடைத்துவிடும். தண்ணீர் கட்டிக் கண்ணின் முன்கண்ணாடி ஆவி பிடித்த மாதிரி வீங்கும். அப்போது விளக்கைப் பார்த்தால் வானவில் தெரியும்.

டாக்டர் கேட்டார்: "இருட்டுல ரொம்ப நேரம் இருப்பீங்களாம்மா? குனிஞ்சு ஏதாவது வேல?"

இவள் சொன்னாள். ஒரு மாதமாக என்ன செய்தாள் என்று எல்லாம் சொன்னாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "டீச்சர், சந்தேகம் இருந்தா இந்த நோயக் கண்டுபிடிக்க ஒரு பழைய டெஸ்ட் உண்டு. பேஷண்ட இருட்டறையில உட்கார வச்சுத் தலையைக் குனிஞ்சு மேசையில வைக்கச் சொல்லுவோம். ஒரு மணி நேரம். அழுத்தம் ஏறுதான்னு பாப்போம். அதுவும் நாங்க பக்கத்துலயே இருந்துதான் செய்வோம். நீங்க தனியா தினமும் செஞ்சிருக்கீங்க."

செலஸ்டீனா இதற்கு மேல் எழுத வேண்டாம் என்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

என் கையாலேயே எழுதுகிறேன். கோடு மேலும் கீழும் போகிறது, போகட்டும்.

இன்று லேசர். முதலில் என் கண்ணுக்கு மேல் ஒரு லென்ஸை வைத்தார் டாக்டர். லென்சுக்கும் கண்ணுக்கும் நடுவில் பிசின் மாதிரி ஒரு மருந்து. சாய்வாக ஒரு வெளிச்சத்தைப் பாய்ச்சி நுண்ணோக்கி வழியாக உள்ளே பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிலைடு நான், எண்ணெய் அது, கண்டென்சர் பக்கவாட்டில்.

"டாக்டர், குமிழி நிக்குதா பாருங்க."

"நிக்குது டீச்சர். எப்படித் தெரியும்?"

"எங்க பொழப்பே அதானே."

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு ஒரு சுரீர், ஒரு சுரீர். கருவிழித்திரையின் ஓரத்தில், மேல் இமை மறைக்கிற இடத்தில், ஊசி முனை அளவு ஓட்டை. இரண்டு கண்ணிலும். இனிமேல் தண்ணீருக்குக் குறுக்கு வழி உண்டு. "வலது கண்ணுல ஒண்ணும் பாதகம் இல்ல. இடது கண்ணு நரம்பு எவ்வளவு தாங்கியிருக்குன்னு ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கணும்" என்றார்.

கஸ்பார் வெளியே பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, டாஸ்மாக் விளக்கைச் சுற்றியும் வளையம் பார்த்ததைச் சொன்னேன். சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று பயந்திருந்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்பட்டி பாத்த?"

"போன மாசம் முப்பதாந்தேதி."

"அப்பமே ஒனக்குத் தெரிஞ்சு போச்சுல்லா, இது கண்ணு சோலின்னு?"

"தெரிஞ்சுச்சு."

"பெறவு ஏன் வாயத் தெறக்கல?"

அது போய்விடக் கூடாது என்று இருந்தது என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன். அப்புறம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி கேண்டீனில் தோசை தின்றோம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஞானப்பூ மதினி வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். "எம் மவனுக்காக வேண்டிக்கச் சொன்னனே, ஒங்க கண்ணப் பாத்தனா நான்" என்றாள். உள்ளே வா மதினி, ஒருத்தருக்கும் தெரியவில்லை, கண்ணுக்குச் சொந்தக்காரிக்கே தெரியவில்லை என்று சமாதானம் சொல்லி உட்கார வைத்தேன். மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். டாக்டர் அனுமதித்தார், ஆனால் விளக்கு எரிய வேண்டும், குனியக் கூடாது. திரைகளைக் கழற்றி நாடகக் குழுவுக்கே அனுப்பிவிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து கேமரா வழியாகக் கணினித் திரையில் பார்த்தேன். எண்ணெய் வேண்டாத கண்டென்சர், பத்தும் நாற்பதும் ஆப்ஜெக்டிவ், முதலில் வந்த அதே சாதாரண ரகம். கம்பெனிக்காரன் சொன்னது நிஜம், நல்ல லென்ஸ்தான். கண்காட்சிக்கு இது தாராளம். உயிரோடு நீந்துகிறதை எண்ணெயில் பிடித்து வைக்க முடியாது. அபோக்ரோமேட்டையும் நூறு மடங்கையும் எண்ணெய்க் கண்டென்சரையும் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். சிஸ்டர் ரெமிஜியா கண்ணைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

பிறகு டயட்டம் சங்கிலிகளைக் கொஞ்சம் பார்த்தேன். கறுப்பில் வெள்ளி. துல்லியமாக, ஓரம் கூர்மையாக, தனித்தனியாகப் போயின. சரியான இருட்புலம் இப்படித்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டினேன், கை தட்டினார்கள். எனக்கு யாரோ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பார்வைப் பரப்புச் சோதனைக்குத் திருநெல்வேலி போனோம். வழியெல்லாம் கஸ்பார் நேர்த்திக்கடன் பேசிக்கொண்டு வந்தார். வலது கண்ணுக்கு ஒரு மெழுகுவத்தி, இடது கண்ணுக்கு ஒரு மெழுகுவத்தி. இரண்டும் ஒரே அளவாக வாங்குங்கள் என்றேன்.

மங்கலான அறை. வெள்ளைக் கிண்ணம் ஒன்று, முகமே உள்ளே போகிற அளவு. தாடையை வைத்து நடுவில் இருக்கிற மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே ஒளிப்புள்ளி தோன்றி மறையும். தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். சொன்ன பெண் சின்னப் பெண், நல்ல குரல்.

முதலில் வலது கண். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஓரத்தில் ஒன்று, மூச்சுவிட நேரமில்லை. விடாமல் வந்தன. கட்டைவிரல் கடுத்துவிட்டது. முடிந்தபோது அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் வலது கண்ணை மூடிவிட்டு இடது. இது இதமாக இருந்தது. ஒரு புள்ளி வந்தது, அழுத்தினேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சாயங்காலக் கடல் மாதிரி ஒரு வெளுப்பு மட்டும். இன்னொரு புள்ளி, தூரத்து வள்ளத்து விளக்கு போல. அழுத்தினேன். மறுபடி நீளமான அமைதி. கிண்ணத்தின் வெண்மை மெல்ல விரிந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. இந்த ஒரு மாதத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் உட்காரவில்லை. இயந்திரத்துக்கும் களைப்பு உண்டுபோல என்று நினைத்தேன். பாதியில் கண் சொக்கியது.

விளக்கைப் போட்டாள்.

"இந்தக் கண்ணுக்கு மெதுவாப் போட்டது நல்லா இருந்துச்சும்மா. நடுநடுவுல ரெஸ்ட் விட்டியே, அது நல்லது" என்றேன்.

அவள் இயந்திரத்திலிருந்து வந்த தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் விடல மேடம். ரெண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரிதான். புள்ளி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு."

பொத்தான் இன்னும் என் கையில் இருந்தது. அவள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கிக்கொண்டாள்.